கார்க்காரம்மாவும் தொங்கின கதவும்

கார்க்காரம்மா காரின் டிரைவர் பக்கத்துக் கதவைத் தொங்கவிட்டது நான் இல்லை. நீங்கள்தான்.

மேலத்தெருவில் இரும்பு கேட்டு வைத்து வீடு கட்டியவர்களும், கேட்டுக்கு இன்னும் பணம் சேராதவர்களும், எல்லோரும் சேர்ந்து செய்தீர்கள். செய்துவிட்டுப் பழியை என் டிங்கர் கடை மேல் போட்டீர்கள். "அவன்கிட்ட வண்டிய விட்டா கதவு கையோட வரும்பா" என்று டீக்கடையில் சொன்னவர் யார் என்று எனக்குத் தெரியும். அரிசி மண்டிக்காரர். அதைக் கேட்டுவிட்டு, கரிக்கலாம்பாக்கத்திலிருந்து என்னிடமே வந்துகொண்டிருந்த வேன்காரர்கள் வண்டியை வில்லியனூருக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். என் ஷெட்டைத் தாண்டித்தான் போனார்கள். ஹாரன் வேறு அடித்தார்கள்.

தீமிதி விழா மலருக்கு, மறக்க முடியாத மனிதர் யாரையாவது பற்றி எழுதிக் கொடு என்று கேட்டார்கள். மற்றவர்கள் எல்லாம் வாத்தியாரைப் பற்றி எழுதுவார்கள். நான் கார்க்காரம்மாவைப் பற்றி எழுதுகிறேன். எனக்குச் சுத்தியல்தான் வரும், எழுத்து வராது. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் ஜவுளிக்கடை விளம்பரத்தைப் பாருங்கள். அவர் பெயரை எழுத மாட்டேன். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் பெரிம்மா என்பேன். சொந்தம் எல்லாம் இல்லை, வாய்ப்பழக்கம்.

எங்கள் பக்கத்தில் சொந்தமாகக் கார் ஓட்டிய முதல் பொம்பளை அவர்தான். உருண்டை மூக்கு வைத்த பழைய வெள்ளைக் கார். புருஷன் செகண்ட் ஹேண்டில் வாங்கி, ஓட்டிப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டார். நெல் அறுத்த வயலில் அந்தம்மா தானே ஓட்டிக் கற்றுக்கொண்டார். அதனால் ரோட்டில் ஓட்டும்போதும் வயலில் ஓட்டுகிற மாதிரியே ஓட்டுவார். புடவையை இழுத்துச் செருகி, தோளில் ஒரு டவல் போட்டு, ஸ்டியரிங்கை மாட்டுக் கயிறு மாதிரிப் பிடித்திருப்பார். பின் சீட்டில் யூரியா மூட்டை இருக்கும், விதைக் கரும்பு இருக்கும். ஒரு தடவை கன்றுக்குட்டி இருந்தது. அது ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஊரைப் பார்த்துக்கொண்டு போனது.

அவருக்குப் பேசாமல் இருந்தால் சோறு இறங்காது. ஊரில் காதுகுத்து, சீமந்தம், சாவு, வழக்கு எதுவும் அவர் இல்லாமல் நடக்காது. ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் வர மாட்டார். காரை வாசலில் நிறுத்துவார். கதவைத் திறந்து இறங்குவார். இறங்கியதும் சொல்லுகிற முதல் வார்த்தை:

"கெளம்பிட்டேன்பா."

மற்றவர்கள் வந்தால் வணக்கம் சொல்வார்கள். இவர் வந்த உடனே விடை பெறுவார். விடை பெற்றுவிட்டு ஒரு மணி நேரம் பேசுவார்.

முதலில் அப்படி இல்லை. எல்லோர் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்க் குழம்பில் உப்பு பார்த்தவர்தான். மண்டிக்காரர் மகள் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது. கொரோனாவுக்கு முன்னால் நடந்த கல்யாணம். முதல் நாள் வீட்டில் நலங்கு. பெண்ணுக்குத் தலை பின்னிப் பூ வைத்துவிட்டது இந்த அம்மாதான். அவர் போன பிறகு, பூஜைத் தட்டில் இருந்த வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணோம். தேடினார்கள். அறை நிறைய ஆட்கள். அதில் ஏதோ ஒரு வாய் சொன்னது: "கடைசியா உள்ள இருந்தது கார்க்காரிதான்."

அவ்வளவுதான் சொன்னது. திருடினாள் என்று சொல்லவில்லை. நம் ஊரில் அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை.

சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை பால்காரம்மா வழியாக அவர் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் காலையில், முகூர்த்தப் பந்தலுக்கு நடுவில் வந்து நின்றார். பட்டுப்புடவை கட்டி, மொய்க் கவரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நேத்து என்னைப் பத்தி சொன்னது யாரு? சண்டை போட வரலை. யாருன்னு தெரிஞ்சா போதும்."

ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நாதஸ்வரக்காரர்கூட வாயில் வைத்ததை ஊதாமல் நின்றார். மண்டிக்காரர்தான், "அக்கா, கல்யாண வூட்ல இன்னாக்கா இது, வா, உக்காரு" என்றார்.

"உக்கார மாட்டேன் தம்பி. சொன்னவங்க யாருன்னு சொல்ற வரைக்கும் இந்தப் பந்தல்ல இருக்கற எவர் வூட்டு வாசப்படியும் மிதிக்க மாட்டேன். இது ஒம்மேல கோவம் இல்ல. எனக்கு எந்த வாயின்னு தெரியல, அதான்."

சொல்லிவிட்டு வெளியே போய்க் கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குப் போகவும் இல்லை. பெண்ணைத் தூக்கி வளர்த்தவர், தாலி கட்டுவதைப் பார்க்காமல் எப்படிப் போவார்? கெட்டி மேளம் கேட்டதும் அங்கிருந்தே அட்சதையை எறிந்தார். பாதி தவில்காரர் தலையில் விழுந்தது.

அன்றைக்குப் பந்தலில் யார் யார் இருந்தார்கள்? மேலத்தெரு முழுக்க இருந்தது. பாகூர், சோரியாங்குப்பம், கரியமாணிக்கம் என்று எல்லாப் பக்கத்துச் சொந்தமும் இருந்தது. ஆக, இரண்டு கொம்யூன் பஞ்சாயத்தில் அவருக்குத் தெரிந்த எல்லா வீடும் ஒரே வேளையில் மூடிக்கொண்டது. வயல், கடை, கோயில், ஆஸ்பத்திரி இவற்றுக்குத் தடை இல்லை. என் ஷெட்டும் அதில் சேர்ந்தது. "ஷெட்டுக்கு வாசப்படி கெடையாது" என்று அவரே தீர்ப்புச் சொல்லி, உள்ளே வந்து, கழற்றிப் போட்ட வேன் சீட்டில் உட்கார்ந்து டீ குடிப்பார். ஷெட்டுக்குப் பின்னாலேயே என் வீடு. அங்கே கால் வைக்க மாட்டார்.

இனி கதவுக்கு வருகிறேன்.

கல்யாணம் முடிந்து சில மாதம் கழித்துக் காரைக் கொண்டுவந்தார்.

"இன்னா பெரிம்மா?"

"கதவு மூட மாட்டேங்குது. முட்டியால ஒரு இடி இடிச்சாத்தான் மூடுது. எனக்கு இருக்கறதே ரெண்டு முட்டி. பாரு."

பார்த்தேன். கதவு தொங்கினால் எங்கே கோளாறு என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பாதி திறந்து வைத்து, கைப்பிடிக்கு நேர் கீழே விளிம்பில் இரண்டு கையையும் கொடுத்து மெதுவாகத் தூக்க வேண்டும். தூக்கும்போது கதவைப் பார்க்கக் கூடாது, கீலைப் பார்க்க வேண்டும். கீலில் ஆணி ஆடினால் ஆணி தேய்ந்துவிட்டது. கீல் ஆடாமல், அதைப் பிடித்திருக்கும் கார் பாடித் தூணின் தகடு அசைந்தால் தூணில் துரு. இரண்டும் இல்லாமல் கதவைச் சுற்றி இருக்கும் சந்து மட்டும் கோணலாக இருந்தால் போல்ட்டு நழுவியிருக்கிறது. இதில் வித்தை ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

சில பேர் கீலைத் தொடவே மாட்டார்கள். கதவு போய் மாட்டுகிற கொண்டி தூணில் இருக்கிறதே, அதை லூஸ் பண்ணிக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்துவிடுவார்கள். தொங்கின கதவு தொங்கின இடத்திலேயே மூடிக்கொள்ளும். வண்டிக்காரர் சிரித்துக்கொண்டு போவார். கோளாறு அப்படியே இருக்கும். அது வேலை இல்லை, ஏமாற்று. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் உங்களைத் திட்டும்போது தேவைப்படும்.

பெரிம்மா காரில் ஆணி ஆடியது. கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்து, பலகை வைத்து, சாக்கு மடித்துப் போட்டுத் தாங்கினேன். ஆணியைத் தட்டி எடுத்தேன். வில்லியனூர் லேத்தில் கொடுத்துப் புது ஆணியும் அதைச் சுற்றி உட்காரும் பித்தளை புஷ்ஷும் கடைந்து வாங்கிப் போட்டேன். கதவு மூடினால் 'டப்' என்று ஒரே சத்தம். பெரிம்மா திறந்து திறந்து மூடிப் பார்த்தார்.

"நல்லா கீதுடா. புதுசா கல்யாணம் ஆன வூட்டு பீரோ மாதிரி கீது."

இரண்டு மாதம் தாங்கவில்லை. மறுபடியும் முட்டி இடி.

இந்தத் தடவை தூண் மேல் சந்தேகப்பட்டேன். உள்ளே தகடு வைத்துப் பற்றவைத்தேன். அதுவும் நிற்கவில்லை. ரோட்டின் மேல் சந்தேகப்பட்டேன். கரிக்கலாம்பாக்கம் பக்கம் வயல் எல்லாம் மனையாகிவிட்டதால், மண் லாரி ஓடி ரோடு அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது. ஆனால் அந்த ரோட்டில் ஓடுகிற மற்ற வண்டிக் கதவு எதுவும் தொங்கவில்லை. கடைசியில் கன்றுக்குட்டி மேல் சந்தேகப்பட்டேன்.

"பெரிம்மா, கன்னுக்குட்டிய ஏத்தாத. கதவு தாங்கல."

"கன்னுக்குட்டி பின்னாடி சீட்ல இருக்குது. கதவு முன்னாடி இருக்குது. நீ இன்னாடா, வேலை தெரிஞ்சி பேசறியா, தெரியாம பேசறியா?"

பதில் என் கண் எதிரிலேயே இருந்தது. அந்தக் கதவின் ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பில், ஒரு முழங்கை அளவுக்குப் பெயின்ட் போய்த் தகடு பளபளவென்று இருந்தது. பக்கத்திலேயே காய்ந்த சந்தனம், குங்குமம், டீக்கறை. மற்ற மூன்று கதவிலும் அப்படி இல்லை. நான் என்ன செய்தேன்? பார்க்க நன்றாக இல்லையே என்று அந்த இடத்துக்கு இலவசமாக பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். அடுத்த தடவை வரும்போது பெயின்ட் மறுபடியும் போயிருந்தது.

இதற்குள்தான் மண்டிக்காரர் டீக்கடையில் அந்தப் பேச்சைப் பேசினார். வேன்காரர்கள் போனார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. காரை எடு, நானும் கூட வருகிறேன், கதவு எங்கே கெடுகிறது என்று கண்ணால் பார்க்கிறேன் என்று சொல்லி ஒரு நாள் ஷெட்டைச் சாத்திவிட்டுப் பக்கத்து சீட்டில் ஏறினேன்.

சோரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் பேரன் பிறந்திருந்தான். பெரிம்மா ரோட்டின் தப்புப் பக்கத்தில் ஏறிப் போய் நிறுத்தினார்.

"ஏன் பெரிம்மா ராங் சைடுல?"

"அப்பத்தான்டா எங்கதவு வூட்டைப் பாக்கும்."

இறங்கினார். கதவை முழுசாகத் திறந்தார். கதவுக்கும் காருக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு முழங்கையையும் ஜன்னல் சட்டத்தின் மேல் போட்டு, உடம்பு முழுக்க அதில் சாய்ந்தார். அவர் சின்ன உடம்புக்காரர் இல்லை. கீல் 'ம்ம்ம்' என்றது.

வீட்டுக்கார அம்மா கைக்குழந்தையோடு வெளியே வந்தார்.

"வாக்கா, உள்ள வா."

"இல்லடி, கெளம்பிட்டேன்."

"இப்பத்தான வந்த!"

"வந்த ஒடனே கெளம்பிட்டேன். கொழந்த யாரு மாதிரி? மூக்கு ஒம்புருசன் மூக்கு. பாவம்."

ஆரம்பித்தார்கள். குழந்தை மூக்கிலிருந்து பாகூர் ஏரித் தண்ணீருக்குப் போனார்கள். ஏரியிலிருந்து நெல் ஈரப்பதத்துக்கு, அங்கிருந்து யாரோ ஒரு மருமகள் நைட்டியோடு பேங்குக்குப் போனதற்கு. பெரிம்மா சிரிக்கும்போது ஒரு தடவை குதிப்பார். அவர் குதித்தால் கதவும் குதிக்கும். காலை மாற்றி நின்றால் கதவு கீழே போய் மேலே வரும். ஒவ்வொரு சிரிப்புக்கும் என் பித்தளை புஷ் தேய்வது எனக்குக் காதில் கேட்டது. பொறுக்க முடியாமல் சீட்டிலிருந்தே கத்தினேன்.

"பெரிம்மா, தொங்காத!"

வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம். "யார்ரா அவன்? பெரியவங்கள பாத்து தொங்காதேன்றான்?"

"டிங்கர் பையன்டி. கதவு மேல உசிரு அவனுக்கு" என்றார் பெரிம்மா. சொல்லிவிட்டு அதற்கும் ஒரு தடவை குதித்துச் சிரித்தார்.

திரும்பும்போது சண்டை போட்டேன்.

"கதவு தன்னோட வெயிட்டையே கஷ்டப்பட்டுத் தாங்குது. அது மேல நீ வேற ஏறிக்கினா?"

"நான் இன்னா அவ்ளோ வெயிட்டா?"

"ஆமா."

பாகூர் வரும் வரைக்கும் ஹாரனையே அடித்துக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப் தாண்டியதும் கேட்டார். "வேற எதைப் புடிச்சிக்கினு நிக்கறது?"

"எதுக்குப் புடிக்கணும்? சும்மா ஒரு சேர்ல உக்காந்து பேசு. ரோட்லயே போடச் சொல்லு."

"உக்காந்தா வந்துட்ட மாதிரி ஆவும்டா. நான் எங்கயும் வரலை. காரைப் புடிச்சிக்கினு இருக்கற வரைக்கும் நான் கெளம்பிக்கினுதான் இருக்கேன். விட்டேன்னா வந்துட்டேன். புரியுதா?"

அன்றுதான் எனக்குக் கோளாறு புரிந்தது. அது ஆணியிலும் இல்லை, தூணிலும் இல்லை. நலங்கு நடந்த அந்த அறையில் இருந்தது.

அறைக்குள் போய் என்னால் ஸ்பானர் போட முடியாது. அதனால் கதவுக்கு முட்டுக் கொடுக்கப் பார்த்தேன். அடியில் மடக்கிவிடுகிற மாதிரி ஓர் இரும்புக் கால் செய்து பற்றவைத்தேன். நிற்கும்போது காலைக் கீழே தட்டினால் எடை தரையில் இறங்கும், கதவுக்கு வலிக்காது. கிளம்பும்போது மடக்கிக்கொள்ளலாம். நல்ல யோசனை. பெரிம்மாவும் மெச்சினார். முதல் நாளே மண்டிக்காரர் வீட்டு வாசலில் பேசி முடித்துவிட்டு, இரும்புக் காலை மடக்காமல், கதவையும் சரியாக மூடாமல் காரை எடுத்துவிட்டார். புதுசாகப் போட்ட சிமென்ட் ரோட்டில், மண்டி வாசலிலிருந்து பஸ் ஸ்டாப் வரைக்கும் பொறி பறக்க ஒரு கோடு. அந்தக் கோடு இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கவர்ன்மென்ட்டு சாக்கடைக்கு அளந்து போட்டது என்று நினைத்து, தன் வாசல்படியை உள்ளே தள்ளிக் கட்டினவர் ஒருவர் நம் தெருவில் இருக்கிறார். அவருக்கு இதைப் படித்துத்தான் விஷயம் தெரியப் போகிறது.

சிமிழ் கிடைத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். மண்டிக்காரர் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிக்க இரும்பு பீரோவை நகர்த்தியபோது, பின்னால் சுவரோரம் கிடந்தது. குங்குமம்கூடக் கொட்டவில்லை. பெரிம்மா கார் அன்றைக்கு என் ஷெட் வாசலில் நின்றது. அவர் வழக்கம்போலக் கதவில் சாய்ந்து யாரையோ விசாரித்துக்கொண்டிருந்தார். மண்டிக்காரர் சிமிழைக் கையில் பிடித்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"அக்கா, கெடைச்சிடுச்சிக்கா! பீரோ பின்னாடி. வாக்கா, இனிமே உள்ள வா. எல்லாம் முடிஞ்சி போச்சி."

பெரிம்மா சிமிழை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டவலால் துடைத்தார். திருப்பிக் கொடுத்தார்.

"சிமிழு கெடைச்சிடுச்சி. சொன்ன வாயி கெடைச்சிச்சா?"

"அதான் பொருள் கெடைச்சிடுச்சே, அப்புறம் இன்னாக்கா?"

"பொருள் தொலைஞ்சது உன்னுது தம்பி. உன்னுது கெடைச்சிடுச்சி. தொலைஞ்சதுல என்னுதும் ஒண்ணு கீது."

மண்டிக்காரர் சிமிழோடு நின்றார். எனக்கு அன்று அவர் மேல் கொஞ்சம் பரிதாபம் வந்தது. டீக்கடைப் பேச்சு ஞாபகம் வந்ததும் போய்விட்டது.

அதற்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள்? உள்ளே போய், யார் சொன்னது என்று ஒருத்தருக்கொருத்தர் கேட்டீர்களா? இல்லை. அவர் நிற்கிற இடத்துக்கு எல்லாவற்றையும் வெளியே கொண்டுவந்தீர்கள். டம்ளர் காப்பி ரோட்டுக்கு வந்தது. வாழையிலைச் சாப்பாடு கார் பானெட்டுக்கு வந்தது. எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டின சூட்டோடு பெண்ணும் மாப்பிள்ளையும் ரோட்டுக்கு வந்து, கார் கதவுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். வெளியூர் மாப்பிள்ளை ஒருவர் அது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று நினைத்து டயரையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போட்டோக்காரர்கள் படத்தில் கார் வந்துவிட்டதா என்று பார்த்துத்தான் கேமராவை மடக்கினார்கள். எல்லோரும் சிரித்தீர்கள். கார்க்காரம்மாவுக்கு நாங்கள் எவ்வளவு மரியாதை செய்கிறோம் பார் என்றீர்கள்.

கொண்டியைக் கீழே இறக்கினீர்கள். முன்னால் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதுதான் இது. கதவு மூடியது. தொங்கல் அப்படியே இருந்தது.

என் வீட்டுக்கு நான் புதுசாக மாடி எடுத்துப் பால் காய்ச்சினேன். அன்றைக்கும் ரோட்டில்தான் நின்றார். உள்ளே பால் பொங்குகிற நேரத்தில் அங்கிருந்து குரல் கொடுத்தார்: "பொங்கிடுச்சாடா? எந்தப் பக்கம் வழிஞ்சிது?" நான் வெளியே போய்க் கத்தினேன்.

"கெழக்கால! நீயே வந்து பாரேன் பெரிம்மா. என் வூட்ல யாரு உன்னை சொல்லியிருப்பா? நானும் என் பொண்டாட்டியும்தான் கீறோம்."

"உன் பொண்டாட்டி அன்னிக்கி அங்கதான்டா பூ கட்டிக்கினு இருந்தா."

"அவ சொல்லல!"

"சொல்லலன்னா சந்தோசம். யார் சொன்னதுன்னு தெரிஞ்சா அவ சொல்லலன்னு எனக்கும் தெரிஞ்சிடும்."

என் மனைவி வாசற்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுதாள். கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்கிறேன் என்றாள். "வேணாம்மா, சொல்லாதவங்க எதுக்கு சத்தியம் பண்ணணும்? சொன்னவங்க சொல்லட்டும்" என்றார் பெரிம்மா. பிறகு, ஒன்றும் நடக்காத மாதிரி, "பாயசம் எடுத்துக்கினு வா, முந்திரி கம்மியா போடு, பல்லு ஆடுது" என்றார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோட்டுக்குப் பாயசம் எடுத்துப் போனாள். அன்றையிலிருந்து என் வீட்டில் எனக்கு நிம்மதி இல்லை. "நீ கதவை ரிப்பேர் பண்ணது போதும், அது யாருன்னு கண்டுபுடி" என்று சோறு போடும்போதெல்லாம் சொல்கிறாள்.

உங்களில் ஒரு வாய் மூடிக்கொண்டிருப்பதால், மற்ற எல்லா வாயும் சந்தேகத்தில் இருக்கிறது. என் மனைவி வாயும் சேர்த்து. என் கடையின் பெயரும் சேர்த்து.

கடைசியில் தேய்ந்தது அவர் முட்டிதான். கதவை இடித்து இடித்தே தேய்ந்தது என்று டாக்டரிடம் என் மேல் புகார் சொல்லியிருக்கிறார். பிரேக் மிதிக்க முடியவில்லை. கடலூரில் இருக்கிற மகள் வந்து கூட்டிக்கொண்டு போனார். போகிற அன்றைக்குக் காரை என் ஷெட்டில் விட்டார்.

"கதவை ஒருக்கா சரி பண்ணி வை. நான் வந்து எடுத்துக்கறேன்."

சாவியைக் கொடுத்துவிட்டு, மகள் கொண்டுவந்த காரின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். பழக்கம். மகள், "அம்மா, சாயாத, இது டியூ முடியாத வண்டி" என்றார். "கெளம்பிட்டேன்" என்றார் பெரிம்மா. அன்றுதான் முதல் தடவை அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு உடனே கிளம்பினார்.

கதவைச் சரி பண்ணினேன். புதுசாக ஒன்றும் செய்யவில்லை. அதே மாதிரி ஆணி, அதே வில்லியனூர் லேத்து, அதே பித்தளை புஷ். தினமும் காரை ஸ்டார்ட் பண்ணி, கரிக்கலாம்பாக்கம் வரைக்கும் அந்தப் பாழாய்ப்போன ரோட்டிலேயே ஓட்டிவிட்டு வருகிறேன். ரொம்ப நாள் ஆகிவிட்டது. கதவு ஒரு நூல்கூட இறங்கவில்லை. 'டப்' என்று மூடுகிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஷெட்டுக்கு வந்து, கைப்பிடிக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பாருங்கள். மண்டிக்காரர் முதலில் வரட்டும்.

போனில் அவரிடம் சொன்னேன்.

"கதவு தொங்கவே இல்ல பெரிம்மா. கல்லு மாதிரி நிக்குது."

"அப்ப நான் இல்லன்னா எல்லாம் நல்லாத்தான் கீதுன்ற" என்றார்.

"அப்படிச் சொல்லலை."

"யாரு சொன்னா இன்னா சொல்லலன்னா இன்னா. வெச்சிடறேன், கெளம்பிட்டேன்" என்றார். வைக்கவில்லை. பிறகு நெல் விலை கேட்டார், மண்டிக்காரர் மகளுக்கு ரெண்டாவது குழந்தை யார் ஜாடை என்று கேட்டார், என் மனைவி இன்னும் அழுகிறாளா என்று கேட்டார். போன் சூடாகிவிட்டது.

தீமிதிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான்தான் அவர் காரையே எடுத்துக்கொண்டு கடலூர் போய்க் கூட்டி வரப் போகிறேன். கோயில் வளைவுக்கு எதிரில், மேலத்தெருவைப் பார்த்துத்தான் நிறுத்துவேன். இந்தத் தடவை அவர் பக்கத்து சீட்டில் இருப்பார், அதனால் டிரைவர் கதவில் அவர் சாய முடியாது. அடுத்த கதவில் சாய்வார். அதுவும் தொங்கும். அந்தக் காரில் நாலு கதவு இருக்கிறது. எனக்கு வயசு இருக்கிறது. நான் ஒவ்வொன்றாக ஆணி மாற்றிக்கொண்டே இருப்பேன். அவருக்குத்தான் முட்டியும் வயசும் போய்க்கொண்டிருக்கிறது.

தீமிதி அன்றைக்கு மைக் கட்டுவீர்கள். பூக்குழிக்கு விறகு கொடுத்தவர், மோர் ஊற்றியவர், சீரியல் பல்பு போட்டவர் என்று எல்லார் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்துச் சத்தமாகப் படிப்பீர்கள். ஐம்பது ரூபாய் கொடுத்தவர்கூடத் தன் பெயரை விட்டுவிட்டார்கள் என்று சண்டைக்கு வருவார். பெயர் சொல்லிக்கொள்ள இவ்வளவு ஆசை இருக்கிற ஊர் இது. அந்த ஒரு பெயரும் அதே மைக்கில் வரட்டும். பூக்குழிக்கு முன்னால் சொல்லுங்கள், நெருப்பு ஆறும் வரைக்கும் அவரைக் காக்க வைக்காதீர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டாம், அவர் அதைக் கேட்கவில்லை. காலில் விழ வேண்டாம், அவருக்கு முட்டி வலி, குனிந்து தூக்க முடியாது.

என் வீட்டு முன்அறையில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறேன். கதவைச் சரி பண்ணும் வேலையை நான் முடித்துவிட்டேன். உங்கள் பங்கு பாக்கி இருக்கிறது.

நலங்கு அன்றைக்கு, அந்த அறையில், "கடைசியா உள்ள இருந்தது கார்க்காரிதான்" என்று சொன்னது யார்? மைக்கைக் கையில் வாங்கி, ஊர் கேட்கச் சொல்லுங்கள். யார்?